மீதி 85 மதிப்பெண்

பொறியியல் நிலவியலிலும் பாறை இயக்கவியலிலும் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும், இனிமேல் சேரப்போகும் தம்பி தங்கைகளுக்கு,

பணி ஓய்வு பெற்ற பிறகும் மதிப்பீட்டுக்கென்று ஆய்வேடுகள் என் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அண்மைக் காலத்தில் வருபவற்றில் பலவும் ஒரே கதை. சார்னகைட்டிலோ கிரானைட்டிலோ சில டஜன் உருளைத் துண்டுகள். அவற்றின் மேல் ஸ்மிட் சுத்தியல் காட்டிய எண், பி-அலை வேகம், புள்ளிச் சுமைக் குறியெண். இந்த மூன்றையும் வைத்துக் கல்லின் அமுக்க வலிமையை முன்கூட்டியே சொல்ல ஒரு நரம்பு வலைப்பின்னல். கடைசி அத்தியாயத்தில் ஆர்-ஸ்கொயர் 0.9-க்கு மேலே போய் நிற்கும். அச்சு அழகாக இருக்கும், மேற்கோள் பட்டியல் நீளமாக இருக்கும். அந்தக் கல் எந்த மலையிலிருந்து வந்தது, அங்கே ஜாயிண்ட்டுகள், அதாவது பாறையின் இயல்பான வெடிப்புகள், எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன என்று தேடினால் ஒரே ஒரு வரி கிடைக்கும்: மாதிரிகள் அருகிலுள்ள குவாரியிலிருந்து பெறப்பட்டன.

உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஒரு கணக்கை மட்டும் உங்கள் முன் வைக்க வேண்டும். பீனியாவ்ஸ்கி 1973-இல் தென்னாப்பிரிக்காவில் வகுத்த பாறைத்திரள் மதிப்பீடான ஆர்எம்ஆர் உங்களுக்கெல்லாம் மனப்பாடம். அதன் 1989 திருத்தத்தில் மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று இன்னொரு முறை பாருங்கள். கல்லின் வலிமைக்கு 15. துளைக் கோரின் தரத்தைச் சொல்லும் ஆர்க்யூடிக்கு 20. ஜாயிண்ட்டுகளின் இடைவெளிக்கு 20. நிலத்தடி நீருக்கு 15. ஜாயிண்ட்டின் நிலைமைக்கு, அதாவது அது சொரசொரப்பா வழவழப்பா, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, சுவர் மக்கியிருக்கிறதா, உள்ளே களிமண் அடைத்திருக்கிறதா என்பதற்கு, 30. ஆய்வகத்து எந்திரத்தில் வைத்து நொறுக்கித் தெரிந்துகொள்வது அந்த முதல் 15 மட்டும்தான். மீதி 85 மலையில் இருக்கிறது. கண்ணாலும் விரலாலும் பார்த்துப் போட வேண்டிய மதிப்பெண். பார்ட்டனும் அவருடைய கூட்டாளிகளும் நார்வேயில் உருவாக்கி 1974-இல் வெளியிட்ட க்யூ வகைப்பாட்டு முறையில் கல்லின் வலிமைக்குத் தனி இடமே கிடையாது. அழுத்தக் காரணி வழியாகப் பின்வாசலில் அது எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

நான்கு வருட ஆய்வை அந்த 15-ஐ இன்னும் நேர்த்தியாகக் கணிப்பதில் செலவிடுவது உங்கள் உரிமை. ஆனால் எதைக் கைவிட்டு அதைச் செய்கிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வயாந்த்தை விட நல்ல கதை தெரியாது. இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் பெயர் தெரியும். உள்ளே நடந்ததைப் படித்தவர்கள் குறைவு.

வட கிழக்கு இத்தாலியில் பியாவே ஆற்றின் துணையாறு ஒன்றின் குறுக்கே, ஏறத்தாழ 262 மீட்டர் உயரத்துக்கு வயாந்த் வளைவு அணை எழுந்தது. வடிவமைத்தவர் கார்லோ செமென்சா, பேர்பெற்ற பொறியாளர். அணை நிற்கப்போகும் இரண்டு கரைப் பாறைகளும் நன்றாகத்தான் ஆராயப்பட்டிருந்தன. நீர் தேங்கப்போகும் பள்ளத்தாக்கின் சரிவுகள் எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்வி பிந்தித்தான் வந்தது. 1959-இல், ஆலோசகராக இருந்த ஆஸ்திரியப் பாறைப் பொறியாளர் லியோபோல்ட் முல்லர், சரிவுகளை நுணுக்கமாக வரைபடமாக்க வேண்டும் என்றார். அந்த வேலை கார்லோவின் மகன் எடுவார்டோ செமென்சாவிடம் வந்தது. முப்பது வயதைத் தாண்டியிருந்த நிலவியலாளர். பிற்காலத்தில் ஃபெராரா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

எடுவார்டோவும் அவருடைய சக ஆய்வாளர் பிராங்கோ ஜூடிச்சியும் நீர்த்தேக்கத்தின் ஓரத்திலிருந்த டாக் மலையின் வடக்குச் சரிவில் ஏறி இறங்கினார்கள். ஆற்றின் எதிர்க்கரையில் தனியாக நின்ற ஒரு குன்று அவர்கள் கண்ணில் பட்டது. அந்தக் கரையின் பாறை அடுக்குகளோடு அது ஒட்டவில்லை. இந்தக் கரையிலிருந்து வந்து உட்கார்ந்தது போல் இருந்தது. சரிவின் அடிவாரத்தில் நொறுங்கி மாவான பாறைப் பட்டை ஒன்று நீளமாக ஓடியது. இரண்டையும் சேர்த்து அவர்கள் எழுதிய முடிவு: இந்த மலைச்சரிவு முழுவதும் பழங்காலத்தில் ஒருமுறை சரிந்து வந்த பாறைத்திரள். பிறகு ஆறு அதை அறுத்துக்கொண்டு புதுப் பாதை எடுத்திருக்கிறது. நீர்த்தேக்கம் நிரம்பினால் அது மறுபடியும் நகரலாம். 1960 ஜூனில் அறிக்கை கொடுத்தார்கள்.

யார் ஏற்பது? அணைத் திட்டத்தின் மூத்த நிலவியலாளர் ஜியார்ஜியோ தால் பியாஸ் அப்படிப் பார்க்கவில்லை. 1959 டிசம்பரில் நடந்த நில அதிர்வு அலை ஆய்வோ, மேலே மெல்லிய படலமாகத் தளர்ந்த பொருள், அதற்குக் கீழே உறுதியான பாறை என்று சொல்லியிருந்தது. துளைகள் போட்டார்கள், அவை சறுக்குப் பரப்பை எட்டாமலே நின்றன. எட்டாத துளையில் சறுக்குப் பரப்பு தெரியவில்லை என்பது அது இல்லை என்பதற்குச் சான்றாகிவிட்டது. கருவியும் அனுபவமும் ஒரு பக்கம், காலால் நடந்து வரைந்த படம் மறுபக்கம். எந்தப் பக்கம் கனம் என்று அன்றைய குழுவுக்குச் சந்தேகம் எழவில்லை.

1960 நவம்பர் 4 அன்று 7 லட்சம் கன மீட்டர் பாறை ஏரிக்குள் விழுந்தது. மலை மேலே ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்கு எம் எழுத்து வடிவில் ஒரு விரிசல் திறந்தது. இளைஞர்கள் படத்தில் போட்ட எல்லையை ஒட்டியே அது போயிற்று. அதே கருவியை வைத்து மறுபடி அலை ஆய்வு நடத்தியபோது, உறுதியானது என்று சொன்ன பாறை வெகு ஆழத்துக்கு உடைந்து கிடப்பது தெரிந்தது. முல்லர் 1961 பிப்ரவரியில் எழுதிய அறிக்கையில் நகரும் பாறையின் அளவை 20 கோடி கன மீட்டர் என்று மதிப்பிட்டார்.

இங்கே சற்று நில்லுங்கள். இளைய நிலவியலாளர் சொன்னது சரி, மூத்தவர்கள் கேட்கவில்லை என்று கதையை முடித்துவிடுவது எளிது. மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் 1961-க்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும். மலை நகர்கிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதன் பிறகும் இரண்டரை ஆண்டு இருந்தது. தெரியாமல் போனது வேறு. இவ்வளவு பெரிய திரள் எப்படி நகரும்? நத்தை வேகத்தில் ஊர்ந்து ஏரியின் ஒரு பகுதியை நிரப்பிவிட்டு நின்றுவிடுமா, ஒரே பாய்ச்சலில் வருமா? நீர்மட்டத்தை மெல்ல ஏற்றினால் நகர்வு கூடியது, இறக்கினால் குறைந்தது. ஆகவே நீர்மட்டம் என்னும் கைப்பிடியால் மலையை அடக்கி ஆளலாம் என்று நம்பினார்கள். நடுவில் மண்மேடு விழுந்து ஏரி இரண்டாகப் பிரிந்தாலும் நீர் போக வலது கரையில் ஒரு சுரங்கவழியும் வெட்டி வைத்தார்கள். நிலவியல் தன் வேலையைச் செய்து முடித்த இடத்தில் இயக்கவியல் கைவிட்டது. அன்றைக்கு அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர் உலகத்தில் யாருமில்லை.

1963-இல் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 710 மீட்டர் வரை ஏறியது. நகர்வு கூடியதும் இறக்கத் தொடங்கினார்கள். இந்த முறை இறக்கியும் நிற்கவில்லை. கடைசி நாட்களில் நாளுக்கு 20 சென்டிமீட்டர் அளவுக்கு நகர்ந்தது. அக்டோபர் 9 இரவு 10:39-க்கு ஏறத்தாழ 27 கோடி கன மீட்டர் பாறை ஒரு நிமிடத்துக்குள் ஏரிக்குள் இறங்கியது. எகிறிய நீர் அணையின் தலைக்கு மேல் நூறு மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் தாண்டி, கீழே லாங்கரோனே ஊரைத் துடைத்துக்கொண்டு போனது. இறந்தவர்கள் ஏறக்குறைய 2000 பேர். அணை இன்றும் நிற்கிறது. கார்லோ செமென்சாவும் தால் பியாசும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள்.

விபத்துக்குப் பிறகு நடந்ததுதான் கல்விப் பணியில் இருக்க நினைக்கும் உங்களுக்கு முக்கியம். சறுக்குப் பரப்பில் களிமண்ணே இல்லை என்று பேர்பெற்ற சிலர் எழுதினார்கள். களிமண் இல்லாவிட்டால் அந்தச் சாய்வில் அவ்வளவு பாறை வழுக்கியிருக்கக் கூடாது, கணக்கு இடித்தது. அமெரிக்காவின் ஹென்ட்ரனும் பேட்டனும் மறுபடி அந்த மலைக்குப் போய், எடுவார்டோவின் துணையோடு ஆராய்ந்து 1985-இல் விரிவான அறிக்கை வெளியிட்டார்கள். சுண்ணாம்புக்கல் அடுக்குகளின் இடையே, பெரும்பாலும் சில சென்டிமீட்டர் தடிமனே உள்ள களிமண் படுகைகள் இருந்தன. அவற்றின் உராய்வுக் கோணம் மிகக் குறைவு. மழைநீரால் அடியில் ஏறிய நீரழுத்தத்தையும் அவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். இந்தப் பேட்டன்தான், மேடுபள்ளமான ஜாயிண்ட்டின் வெட்டு வலிமையை 1966-இல் எளிய இரட்டைக் கோட்டால் விளக்கியவர்; உங்கள் பாடநூலில் அந்தப் படம் இருக்கும். ஜாயிண்ட்டின் பல்லைப் பற்றி ஆய்வகத்தில் யோசித்தவர், பல்லே இல்லாத களிமண்ணை மலையில் போய்த் தேடியிருக்கிறார். ஏன் அவ்வளவு வேகம் என்பதற்கு உராய்வின் வெப்பத்தில் அடியில் இருந்த நீர் விரிந்து அழுத்தம் ஏறியது ஒரு காரணம் என்ற விளக்கம் 1982-இலேயே வந்தது. அந்தக் கேள்வியின் மேல் இன்றும் கட்டுரைகள் வருகின்றன. எடுவார்டோ தன் பங்குக்கு எல்லாவற்றையும் நாள்வாரியாகத் திரட்டி 2001-இல் நூலாக எழுதினார். முப்பது வயதுகளில் வரைந்த ஒரு வரைபடத்தோடு ஒருவர் வாழ்நாள் முழுவதும் இருந்திருக்கிறார். கல்விப் பணி என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

வயாந்த்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1959 டிசம்பர் 2 இரவில், பிரான்சின் மால்பாசே வளைவு அணை உடைந்து 423 பேர் இறந்தார்கள். கான்கிரீட்டில் குறை காணப்படவில்லை. இடது கரையில் ஆப்புப் போல் வெட்டுண்டிருந்த பாறை, அணையின் அழுத்தத்தையும் அடியில் தேங்கிய நீரின் உந்துதலையும் தாங்காமல் பெயர்ந்தது. அணை அழுத்திய இடத்தில் நைஸ் பாறையின் மயிரிழை வெடிப்புகள் மூடிக்கொள்ள, அது நீர் புகாத சுவராகி, பின்னால் நீரழுத்தம் ஏறியது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. இப்படிப்பட்ட அடிகள் விழுந்த காலத்தில்தான் நம் துறைக்கே முகவரி கிடைத்தது. 1962-இல் சால்ஸ்பர்க்கில் பன்னாட்டுப் பாறை இயக்கவியல் கழகம் பிறந்தது. முதல் தலைவர் அதே முல்லர். பொறியியல் நிலவியலுக்கான பன்னாட்டுக் கழகம் 1964-இல் பிறந்த இடம் புது டெல்லி. பொறியாளர்கள் ஒரு கழகம், நிலவியலாளர்கள் ஒரு கழகம். வயாந்த்தில் நடந்ததை வைத்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை நல்லதற்கா என்று எனக்கு இன்றும் ஐயம் உண்டு.

நம் ஊரில் அந்தப் பிரிவினை இன்னும் இறுக்கம். நிலவியலில் எம்.எஸ்சி., முனைவர் பட்டம் எல்லாம் வாங்கினாலும், பி.இ., எம்.இ. இல்லாமல் பொறியியல் கல்லூரியின் சிவில் துறையில் உதவிப் பேராசிரியராக முடியாது, விதி அப்படி. சிவில் மாணவருக்கு நிலவியல் பெரும்பாலும் ஒரு பருவத்துப் பாடம். பல தனியார் கல்லூரிகளில் கையில் ஒரு கல்லைக் கொடுத்தால் பெயர் சொல்லத் தெரியாத சிவில் ஆசிரியர்தான் அதை நடத்துகிறார். மறுபுறம் கலை அறிவியல் கல்லூரியின் நிலவியல் துறையில் பாறை இயக்கவியல் ஒரு அலகோடு முடிந்துவிடும். இடையில் இருக்கும் உங்களுக்கு இரண்டு வீட்டிலும் இலை போட மாட்டார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு யுபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு, தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம், ஐஐடிகளில் சில இடங்கள், அணைகளும் சுரங்கவழிகளும் கட்டும் நிறுவனங்களின் வேலைகள் என்று வழிகள் உண்டு, நெரிசலும் உண்டு. கட்டுரை எண்ணிக்கையைப் பார்த்துத்தான் நேர்காணலுக்கே அழைக்கிறார்கள் என்றால், மலையில் ஒரு பருவம் அலைந்து ஒரு வரைபடம் போடுவதைவிட மடிக்கணினியில் மூன்று கட்டுரை முடிப்பதே புத்திசாலித்தனம் என்று உங்களுக்குத் தோன்றுவதில் தவறில்லை. தவறு எண்ணுகிறவர்களுடையது. சுரங்கவழி ஒன்றின் முகப்பு வரைபடங்களை ஒரு கட்டுரைக்கு ஈடாகக் கணக்கில் வைக்க எந்தத் தேர்வுக் குழுவும் முன்வராத வரை இந்தப் போக்கு மாறாது. இதை உங்கள் வழிகாட்டிகளிடம் நீங்கள் சொல்ல முடியாது. நான் சொல்கிறேன், எனக்கு இனி யாரும் பதவி உயர்வு தர வேண்டியதில்லை.

துறையைக் கட்டியவர்கள் யாரும் ஆய்வகத்துக்கும் களத்துக்கும் நடுவில் சுவர் வைத்துக்கொண்டதில்லை. மண் இயக்கவியலின் தந்தை என்று போற்றப்படும் டெர்சாகி ஹார்வர்டில் நடத்திய பாடம் பொறியியல் நிலவியல். சுரங்கவழியின் இரும்புத் தாங்கிகளுக்கு 1946-இல் அவர் தந்த பாறைச்சுமைக் கணக்குதான் பிறகு வந்த வகைப்பாடுகளுக்கெல்லாம் முன்னோடி. தங்கைகளுக்கு ஒரு செய்தி: துளைக்கு இணையாக ஓடும் ஜாயிண்ட்டுகள் கோரில் அகப்படாமல் தப்பிவிடும் பிழைக்கு நாம் போடும் ‘டெர்சாகி திருத்தம்’ அவருடையது அன்று. அவர் மனைவி ரூத் டெர்சாகி, நிலவியலாளர், 1965-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. வாய்மொழித் தேர்வில் இதைச் சரியாகச் சொன்னவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எவர்ட் ஹூக் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்துவிட்டு ஆலோசனை நிறுவனத்துக்குப் போனார்; பிறகு டொராண்டோவில் மறுபடி பேராசிரியர்; மறுபடி ஆலோசகர். 1980-இல் பிரவுனுடன் சேர்ந்து அவர் தந்த வலிமை விதியை அவரே திரும்பத் திரும்பத் திருத்தியதற்கு அந்தப் போக்குவரத்துதான் காரணம் என்பது என் கணிப்பு.

க்யூ முறைக்கு அடியில் கிடப்பது 200-க்கும் மேற்பட்ட சுரங்கவழிகளின் பதிவுகள். யாரோ ஒவ்வொன்றிலும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போய், எத்தனை ஜாயிண்ட் தொகுதி, சொரசொரப்பு எப்படி, நீர் கசிந்ததா, என்ன தாங்கி போட்டார்கள், அது நின்றதா என்று எழுதி வைத்ததால்தான் அந்தச் சூத்திரம். நம்மிடம் அப்படி எழுதப்படாமல் போனது எவ்வளவு! கோலார் தங்கவயலில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தார்கள். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும்போது மேலே வீட்டுப் பாத்திரங்கள் அதிரும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். அதை உள்ளிட்ட பாறை இயக்கவியல் ஆய்வுக்கு 1988-இல் அங்கேயே தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. எந்த முகப்பில் நிற்கலாம், எதில் நிற்கக் கூடாது என்று காதால் அறிந்தவர்களில் எத்தனை பேரிடம் நாம் கேட்டு எழுதியிருக்கிறோம்?

களத்துக்குப் போகப் பெரிய திட்டம் வேண்டியதில்லை. சென்னையில் இருப்பவர்களுக்குத் திரிசூலமும் பல்லாவரமும் பேருந்துத் தொலைவு. சார்னகைட்டுக்கு உலகம் முழுவதும் மூலப் பாறையாகக் கொள்ளப்படுவது பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல்தான். கைவிடப்பட்ட குவாரி முகம் ஒன்றை அனுமதி வாங்கி எடுத்துக்கொள்ளுங்கள். காம்பஸும் நாடாவும் போதும். ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கும் சாய்வு, திசை, நீளம், இடைவெளி, வாய், நிரப்பு. அதே முகத்தை மழைக்காலத்தில் மறுபடி பாருங்கள். நீருக்கான 15 எப்படி மாறுகிறதென்று தெரியும். நீலகிரிக்காரர்கள் சாலை வெட்டுகளைப் பிடியுங்கள். 2009 நவம்பர் மழையில் 40-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மலை அது. மக்கிய சார்னகைட்டுக்கும் மக்காத உருண்டைப் பாறைக்கும் நடுவில் நீர் எங்கே நிற்கிறது என்பதை நிறையப் பேர் வரைந்து பார்க்க வேண்டியிருக்கிறது. முடிந்த திட்டங்களின் கோர் பெட்டிகள் கொட்டகையில் மட்கிக்கொண்டிருக்கும்; தூக்கிப் போடுவதற்கு முன் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் எழுதிய ஆர்க்யூடியை நம்பாமல், 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகளை நீங்களே அளந்து பாருங்கள். எந்த உடைவு பாறையினுடையது, எது துளைக்கும்போது உடைந்தது என்று பிரிப்பதிலேயே உங்கள் கண் பழகிவிடும்.

நரம்பு வலைப்பின்னலையும் விட வேண்டாம். அதற்கு நல்ல சோறு போடுங்கள் என்கிறேன். நிலவியல் பட்டம் பெற்றவர்கள் முரண்டு பிடிக்காமல் தகைவு வட்டமும் எண்முறை மாதிரியும் கற்க வேண்டும். வயாந்த்தில் வரைபடம் இருந்தும் கணக்கு இல்லாமல் போனதை மறக்காதீர்கள். சிவில் பட்டம் பெற்றவர்கள் முழங்கால் வலித்தாலும் மலையேற வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் உங்கள் களப் படிவங்களை அப்படியே சேருங்கள்: கையெழுத்தில் எழுதிய தாள், நாள், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, அளவுகோல் வைத்து எடுத்த படம். அதோடு, கண்ணால் பார்த்தும் உங்களால் விளக்க முடியாமல் போனவற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். வழிகாட்டி வேண்டாம் என்பார். தேர்வாளர் அதைப் பிடித்துக்கொள்வார் என்று பயமுறுத்துவார். தேர்வாளர் நானாக இருந்தால் முதலில் அந்தப் பக்கங்களைத்தான் திறப்பேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியன்